நாற்பது என்பது நல்ல எண்

பென்சில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். முனை மெலிதாக இருக்க வேண்டும், அழுத்தினால் உடையக் கூடாது, அழித்தால் தடம் தெரியக் கூடாது. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்குப் பென்சில் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். திருப்பித் தருகிறவர்கள் குறைவு. நீங்கள் கையில் வைத்திருப்பதும் மலிவான சரக்குதான். முனை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, பாருங்கள். என் பையில் நல்லது ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம்.

முதலில் இந்தச் சீட்டை மேசையில் வைத்துவிடுகிறேன். நான்காகக் கிழிந்திருக்கிறது. சேர்த்து வைத்தால் படிக்கலாம். எழுத்து என்னுடையது அல்ல, குருவியுடையது. எங்கள் பிரிவிலேயே வயதில் இளைய செவிலி. சின்ன உருவம், ஓயாத பேச்சு, அதனால் குருவி. அவள் வந்து சொன்னதால்தான் விசாரணை அதிகாரியான நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் என்னிடம்தான் இருந்தது, கொண்டுவந்திருக்கிறேன். எதையும் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

சீட்டில் மூன்று எண்கள் இருக்கின்றன. இருபத்தொன்பது, முப்பத்து நான்கு, நாற்பது. உங்களுக்கு இவை ஒன்றும் சொல்லாது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. படித்த சிலருக்கே சொல்வதில்லை.

ரத்த வாயுப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. மணிக்கட்டில் துடிக்கிற தமனியில் ஊசியைச் செலுத்தி ரத்தம் எடுக்க வேண்டும். சரியான இடத்தில் நுழைந்துவிட்டால் இழுக்கவே வேண்டாம். ரத்தம் தானாகத் துடித்துத் துடித்துக் குழலில் ஏறும். எடுத்த பிறகு அந்த இடத்தை ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ரத்தம் கட்டிவிடும். அந்த ஐந்து நிமிடமும் நோயாளியின் கை நம் கையில் இருக்கும். அதற்குள் அவர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். வீட்டுச் சாவியை எங்கே வைத்தார்கள் என்பது, யாரிடம் பேசாமல் இருக்கிறார்கள் என்பது, எல்லாம். இருபத்திரண்டு வருடம் நான் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூலையில் இருக்கிற இயந்திரம் இரண்டு நிமிடத்தில் முடிவைத் துண்டுக் காகிதத்தில் துப்பிவிடும். ரத்தம் எவ்வளவு புளித்திருக்கிறது, அதில் எவ்வளவு கரியமில வாயு, அதைச் சமன்செய்ய எவ்வளவு காரம். இவைதான் முக்கியம். நுரையீரல் புளிப்பை ஊதி வெளியே தள்ளும், அது நிமிடக் கணக்கு. சிறுநீரகம் காரத்தைச் சேர்த்து வைக்கும், அது நாள் கணக்கு. ஒன்று தடுமாறினால் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும். எந்த வீட்டிலும் நடப்பதுதான். அளவு மீறிய எண்ணுக்குப் பக்கத்தில் இயந்திரம் ஒரு நட்சத்திரம் போடும். அந்த நட்சத்திரத்தை நான் நம்புவதில்லை. அது ஒரு எண்ணைத்தான் பார்க்கிறது. நேற்றைய எண்ணை அது பார்த்ததில்லை, ஆளையும் பார்த்ததில்லை.

அதனால்தான் வால் சீட்டு என்று ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முடிவும் தனித்தனிக் காகிதமாக வருவதால், கடைசி மூன்று எண்களைப் பென்சிலில் வரிசையாக எழுதி, கோப்பின் அடியில் வால் மாதிரித் தொங்கவிடுவோம். எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். எத்தனை பேரை அந்த வால் காப்பாற்றியது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. நானும் கேட்டதில்லை. நான் கோபக்காரி அல்ல.

எங்கள் டாக்டருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் இஸ்திரி. அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. "இந்த மனுஷன் உக்காருவாரா, இல்ல ஹேங்கர்லயே தூங்குவாரா" என்று குருவி கேட்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். படித்தவர், சுத்தமானவர். தனக்குத் தெரியாத ஒன்று செவிலிக்குத் தெரிந்திருப்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். ஐம்பது வயது. நீரிழிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தவர் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். பழம் அழுகிய வாடை அடித்தது. நான் ரத்தம் எடுத்து, மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தபோது அவர் சொன்னார்: "சிஸ்டர், நான் ரெண்டு விசில் அடிச்சாத்தான் வண்டி கிளம்பணும். அதுவரைக்கும் யாரையும் எடுக்க விடாதீங்க." நான், "நீங்க உள்ளேயே உக்காருங்க, படிக்கட்டுல நிக்காதீங்க" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

முடிவு வந்தது. ரத்தம் மோசமாகப் புளித்திருந்தது. காரம் இருக்க வேண்டியதில் கால்வாசி, ஆறுதான். கரியமில வாயுவும் ரொம்பக் குறைவு, பதினெட்டு. அப்படியென்றால் அந்த வேகமான மூச்சு நோய் அல்ல, அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்த கயிறு. உடல் புளிப்பை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. இஸ்திரி, ஆள் பயந்துபோய் மூச்சு வாங்குகிறார் என்றார். அமைதிப்படுத்த ஊசி போடச் சொன்னார். நான், "டாக்டர், அந்த மூச்சு நின்னா எல்லாம் நின்னுடும். அவர் பயத்துல மூச்சு விடல" என்றேன். வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்:

"சிஸ்டர், நீங்க தெர்மாமீட்டரைப் பாருங்க. இதை நான் பாத்துக்கறேன்."

ஊசியை அவரே போட்டார். கண்டக்டரின் மூச்சு அடங்கியது. "பாத்தீங்களா, எப்படித் தூங்கறார்" என்றார். நாற்பது நிமிடத்தில் இதயம் நின்றது. அவருடைய மனைவியிடம் மாரடைப்பு என்று சொன்னார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நான் எழுதிக் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி, எண்களோடு, இரண்டு பக்கம். விசாரணை என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மேட்ரன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு? தலையை ஆட்டிட்டு வந்துடு" என்றார். இஸ்திரி என் எதிரில் உட்கார்ந்து, "சிஸ்டருக்கு ஆர்வக்கோளாறு, அவ்வளவுதான்" என்றார். மூவரும் புன்னகைத்தார்கள். ஒரு மனிதர் இறந்திருந்தார், அவர்கள் புன்னகைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இயந்திரத்துக்கு மேலே, என் கண்ணுக்கு நேராக, நான்கு முனையிலும் குண்டூசி குத்தி மாட்டினார்கள். வரிக்கு வரி சொல்கிறேன்: 'செவிலியர் பரிசோதனை முடிவுகளை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். முடிவுகளை விளக்குவது செவிலியர் பணி அல்ல. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

நான் மறுப்புச் சொல்லவில்லை. உத்தரவு என்றால் உத்தரவுதான். அன்றிலிருந்து ஒப்படைத்தேன். விளக்கவில்லை. வால் சீட்டும் எழுதவில்லை. அந்த நாட்களில் என் பென்சில்கள் அடிக்கடி முனை உடைந்தன. ஏனென்று எனக்குத் தெரியவில்லை, மலிவான சரக்கு எதுவும் நான் வாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடும், ஆகவே மெதுவாகச் சொல்கிறேன். அந்த உத்தரவு என்ன செய்யும் என்பதை அதை எழுதியவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார்.

யாராக இருந்தாலும் சரி என்று நான் விட்டுவிடவில்லை. இரண்டாவது மாதம் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் வந்தார். அவருடைய எண்கள் தவறான பக்கம் நகர்ந்தன, இஸ்திரி கவனிக்கவில்லை. ஆனால் அவருக்கு எழுபத்தெட்டு வயது. இறந்தால் வயதாகிவிட்டது என்பார்கள். மேட்ரன் அம்மா காதில் ஒரு வார்த்தை போட்டேன், பெரிய டாக்டர் வந்து பார்த்தார், கணக்கர் நடந்தே வீட்டுக்குப் போனார். ஐந்தாவது மாதம் ஒரு பெண். அவளுடைய மகள் தினமும் பார்வை நேரத்தில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டுவாள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. நான் அரக்கி அல்ல. அந்தப் பெண்ணும் பிழைத்துவிட்டாள். இளமையான, வேறு நோய் எதுவும் இல்லாத, குழந்தை இல்லாத ஒருவர் வேண்டும். சரியாகப் பார்த்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று யாராலும் மறுக்க முடியாத ஒருவர். பொறுமையாக இருந்தேன். ஏழு மாதம்.

பேக்கரிப் பெண் காலை ஏழரைக்கு வந்தாள். இருபத்து நான்கு வயது. மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்துமா. நகக்கண்களில் மாவு உலர்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கழுவி விட்டேன். அவளுடைய அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் படுக்கை கொடுத்தோம். ஜன்னலிலிருந்து விழுகிற வெயில் சதுரம் தரையில் ஊர்ந்து ஊர்ந்து நடுப்பகலில் அந்தப் படுக்கைக்குத்தான் வரும். குளிர்காலத்தில் அந்தப் படுக்கைக்குப் போட்டி இருக்கும்.

எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தேன். கரியமில வாயு இருபத்தொன்பது. ஆஸ்துமாவில் அது சரிதான். ஆள் போராடுகிறாள், வேகமாக ஊதித் தள்ளுகிறாள், அதனால் குறைகிறது. இரண்டு நட்சத்திரம். மணிக்கட்டைப் பிடித்திருந்தபோது, மாஸ்க்குக்குள்ளிருந்து விட்டுவிட்டுச் சொன்னாள்: "சிஸ்டரக்கா... அடுப்புல நாலு தட்டு ரொட்டி... கருகியிருக்கும்... முதலாளி என்னைத் திட்ட முடியாதுல்ல?"

"ஆஸ்பத்திரி வரைக்குமா வந்து திட்டுவாரு?"

"அவரா... மார்ச்சுவரிக்கே வந்து திட்டுவாரு" என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதை நான் மறைக்கவில்லை.

பத்தே காலுக்கு முப்பத்து நான்கு. நட்சத்திரம் ஒன்று குறைந்தது. மருந்து வேலை செய்கிறது என்றார் இஸ்திரி. அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்துச் சதைகள் இழுத்துக்கொண்டிருந்தன, வேர்த்திருந்தாள், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. பன்னிரண்டு பத்துக்கு மறுபடி எடுத்தேன். நான் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு நிற்க, குருவி ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டு போனாள்.

நாற்பது.

நாற்பது நல்ல எண். உங்களுக்கும் எனக்கும் நாற்பதுதான் இருக்கும். புளிப்பும் அளவுக்குள், காரமும் அளவுக்குள். காகிதத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஆனால் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தியின் கரியமில வாயு இருபத்தொன்பதிலிருந்து நாற்பதுக்கு ஏறுகிறது என்றால், அவள் சமநிலைக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. ஓட முடியாமல் களைத்துவிட்டாள் என்று அர்த்தம். கீழே விழுகிறவன் முதல் மாடியைக் கடக்கும்போது அவன் முதல் மாடியில் இருக்கிறான் என்று சொல்வது மாதிரி. அந்த நிமிடம் தொண்டைக்குள் குழாய் போட்டுச் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இணைத்திருந்தால் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

குருவி ஓடிவந்தாள். கையில் அறிக்கையும் இந்தச் சீட்டும்.

"சிஸ்டர், வரிசையா எழுதிப் பாத்தேன். நாப்பதுக்கு வந்துடுச்சு. நெஞ்சுல இரைச்சலும் கேக்கல, காத்தே உள்ள போகல போலிருக்கு. ஆஸ்துமாவுல நாப்பது வந்தா பயப்படணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"சுற்றறிக்கையைப் படிச்சியா?"

"நான் எதையும் விளக்கலையே சிஸ்டர். வெறும் நம்பர்தான். கோப்புல தொங்கவிட்டா அவரே பாத்துக்குவாரு."

கெட்டிக்காரி. என்னிடம் கற்றவள். சீட்டை வாங்கிக்கொண்டேன். "நான் பாத்துக்கறேன், நீ கீழ்த்தளத்துக்குப் போய் குளுக்கோஸ் பாட்டில் வாங்கிட்டு வா" என்றேன். கிடங்குக்காரர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவார். எனக்குத் தெரியும். அவள் படியிறங்கிய சத்தம் கேட்ட பிறகு சீட்டை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன். குப்பைத்தொட்டியில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அது நன்றாக எழுதப்பட்ட சீட்டு.

இஸ்திரி வந்தார். அறிக்கையை அவரிடம் ஒப்படைத்தேன். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். "நட்சத்திரமே இல்ல, சூப்பர்" என்றார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதவில்லை.

சரி, கேட்டார். கதவுவரை போய்த் திரும்பி, "சிஸ்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார். பேச்சுக்குக் கேட்டது, எல்லாரும் கேட்பதுதான். நான், "ரிப்போர்ட் உங்க கையில இருக்கு டாக்டர்" என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாப்பிடப் போனார்.

ஒன்றேகாலுக்குக் குருவி பாட்டில்களோடு வந்தாள். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா சிஸ்டர்?" என்றாள். "பாத்துட்டாரு. பேஷண்ட் தூங்கறா, எழுப்பாத" என்றேன். வெயில் சதுரம் அப்போது ஏழாம் படுக்கையின் போர்வைமேல் இருந்தது. ஒன்று முப்பத்தைந்துக்குக் குருவிதான் மணியை அடித்தாள். உதடு நீலமாகியிருந்தது. இஸ்திரி சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். குழாய் போட இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தவறினார், மூன்றாவது முறை போனது. கோட்டெல்லாம் கசங்கிவிட்டது. அவர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு கருவியையும் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்தேன். என் வேலையில் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. கடைசியாக எடுத்த ரத்தத்தில் கரியமில வாயு தொண்ணூற்றொன்று. காகிதம் முழுக்க நட்சத்திரம். இரண்டு பத்துக்கு நிறுத்தினோம்.

அக்காவிடம் யார் சொல்வது என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் போய்ச் சொன்னேன்.

பிறகு நடந்தது எனக்கு ஒப்பவில்லை. இந்த முறை யாரும் புன்னகைக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் புன்னகைக்கவும் இல்லை. ஆனால் இஸ்திரி எழுதிக் கொடுத்ததை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'கண்டக்டர் விஷயத்தில் சிஸ்டர் சொன்னதுதான் சரி, அதை ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அதிலிருந்து எந்த அறிக்கை வந்தாலும் முதலில் சிஸ்டர் முகத்தைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு அவர் முகம் அமைதியாக இருந்தது. அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.'

ஏழு மாதம் அந்த மனிதர் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து அதைச் சொல்லியிருந்தால் போதும். வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி வேண்டாம், என் காதில் விழுகிற மாதிரி போதும். கண்டக்டரின் மனைவிக்கு ஒரு உண்மை கிடைத்திருக்கும். அந்தக் காகிதத்தின் நான்கு குண்டூசியையும் அவரே பிடுங்கியிருக்கலாம். கோழை. அவரால்தான் அவள் செத்தாள்.

மன்னியுங்கள். பென்சில் உங்களுடையதா? உடைத்துவிட்டேன். நான்தான் சொன்னேனே, மலிவான சரக்கு. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டால் முழுதாகிவிடும். சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து நான் எந்த முடிவையும் யாருக்கும் விளக்கியதில்லை, ஒரு முறை தவிர. இஸ்திரி சாப்பிடப் போன பிறகு ஏழாம் படுக்கைக்கு வந்தேன். பஞ்சு நழுவியிருந்ததால் மணிக்கட்டை மறுபடி அழுத்திப் பிடித்தேன். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது, நான் விடவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சொல்தான் வந்தது.

"சிஸ்டரக்கா... ரிசல்ட்... எப்படி?"

தூங்கிவிடக் கூடாது என்று அவள் பிடிவாதமாக விழித்திருந்தாள். களைப்பில் மூடுகிற கண்ணைத் திறந்து திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். என் விரலுக்கு அடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நார்மல்மா. ஒரு நட்சத்திரம்கூட இல்ல. நீ தூங்கு" என்றேன்.

நம்பிக் கண்ணை மூடினாள்.

முடிவுகளை விளக்குவது செவிலியர் பணி அல்ல. அந்த ஒரு விஷயத்தில் நான் உத்தரவை மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.